ஹவுஸ்மன்ஷிப் போஸ்டிங் வர்ற வரைக்கும் என்ன செய்யலாம்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி சுங்கை சிப்புட்ல இருந்து, ஹவுஸ்மன்ஷிப், அதாவது புது டாக்டர்களுக்கான ஆஸ்பத்திரிப் பயிற்சி பத்தி. ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க: "மருத்துவப் படிப்பு முடிச்சிட்டேன். ஹவுஸ்மன்ஷிப் போஸ்டிங் வர நாலஞ்சு மாசம் ஆகும்னு சொல்றாங்க. அப்பா 'இப்பவே நல்லா தூங்கிக்கோம்மா'ங்கிறார். மாமா, டவுன்ல தெரிஞ்ச கிளினிக்ல போய் உக்காரு, கைச்செலவுக்கு ஆகும்ங்கிறார். எனக்கு என்னமோ புத்தகத்தை முதல்ல இருந்து திரும்பப் படிக்கணும்னு பயமா இருக்கு. கார் லைசனும் எடுக்கல. எதைச் செய்யறது?"

புத்தகத்தை மூடி வைங்க தங்கச்சி. தடிப் புத்தகத்தை முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சவங்க யாரும் இதயப் பாடத்தைத் தாண்டினதில்ல. ஹவுஸ்மன்ஷிப் ரெண்டு வருஷம், நாலு மாசம் நாலு மாசமா ஆறு போஸ்டிங். பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, எலும்பு, மகப்பேறு, குழந்தைகள், அதுக்கு மேல அவசரப் பிரிவு, மயக்க மருந்துன்னு ஏதாவது ஒண்ணு. எந்தப் போஸ்டிங்குக்குப் போறீங்களோ அந்தப் பாடம் அங்கேயே வந்துடும். வார்டுக்குள்ள நுழைஞ்ச பிறகு செய்யவே முடியாத காரியம்னு சிலது இருக்கு. இந்த நாலஞ்சு மாசம் அதுக்குத்தான்.

முதல் காரியம் உங்க ரத்தப் பரிசோதனை. இதுக்கு மாசக்கணக்கு ஆகும், அதனால இந்த வாரமே ஆரம்பிக்கணும். மலேசியாவுல 1989-ல இருந்து பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பட்டைட்டிஸ் பி ஊசி போடறாங்க, நீங்களும் போட்டிருப்பீங்க. ஆனா இருபது வயசுக்கு மேல ஆன்ட்டிபாடி அளவு இறங்கியிருக்கலாம். ஆன்ட்டி-எச்பிஎஸ் (அந்த ஆன்ட்டிபாடியோட அளவு) பாருங்க. 10-க்குக் குறைவா இருந்தா ஒரு பூஸ்டர் போட்டு, ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். அப்பவும் ஏறலன்னா மிச்ச ஊசிகளையும் போட்டு முடிக்கணும். முழு வரிசைன்னா 0, 1, 6-ஆம் மாசம்னு கணக்கு. வேலைக்குச் சேர்ந்த மூணாவது நாள் ஊசி கையில குத்தின பிறகு இதையெல்லாம் தேடறது ரொம்பக் கொடுமை.

ரெண்டாவது, பேரு. சிரிக்காதீங்க, நம்ம பிள்ளைகளுக்கு இது பெரிய தலைவலி. ஐசில (அடையாள அட்டையில) 'ஏ/பி' (மகள்னு அர்த்தம்) போட்டு அப்பா பேரு இருக்கும். வெளிநாட்டுல படிச்சிருந்தா பட்டச் சான்றிதழ்ல 'ஏ/பி' இருக்காது, அப்பா பேரு ஒட்டிக்கிட்டிருக்கும், சில சமயம் வெறும் இனிஷியல்தான். எஸ்பிஎம் (அஞ்சாம் படிவத் தேர்வு) சான்றிதழ்ல வேற எழுத்து. எம்எம்சி (மலேசிய மருத்துவ மன்றம்) தற்காலிகப் பதிவுக்கும் அரசு நியமனத்துக்கும் இதெல்லாம் ஒத்துப் போகணும். மூணையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தாப் பாருங்க. வித்தியாசம் இருந்தா சத்தியப் பிரமாண ஆணையர்கிட்ட போய், ரெண்டு பெயரும் ஒரே ஆளோடதுதான்னு பிரமாணப் பத்திரம் எடுத்து வச்சுக்குங்க. சான்றுறுதி செஞ்ச நகல் நாலு செட்டு. போஸ்டிங் கடிதம் வந்தா தேதி நெருக்கமா இருக்கும், அப்ப ஈப்போவுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கிட்டிருக்க முடியாது.

லைசன். ஆறு மணி நேர வகுப்பு, பிறகு கணினித் தேர்வு: 50 கேள்வி, 42 சரியா இருந்தாத்தான் பாஸ். அதுக்கப்புறம் 'எல்' (பழகறவங்க லைசன்), பயிற்சி, ஓட்டுநர் பள்ளியோட முன்தேர்வு, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) தேர்வு. ஃபெயிலானா திரும்பத் தேதி வாங்கறதுலயே நாள் போகும், அதனால கடைசி மாசத்துக்குத் தள்ளாதீங்க. கிடைச்சதும் சும்மா வைக்காம அப்பா பக்கத்துல உக்கார, மழையிலயும் ராத்திரியிலயும் ஓட்டிப் பழகுங்க. ஆனா புதுக் கார் வாங்கக் கையெழுத்துப் போடாதீங்க. வேலை ஒப்பந்த அடிப்படை, கார் கடனோ ஒன்பது வருஷம் வரைக்கும் இழுக்கும். வீட்டை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல எடுங்க. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுத் தூக்கக் கலக்கத்துல ஓட்டற தூரம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது.

பணம்னு பேசினா, முதல் சம்பளம் பல பேருக்குத் தாமதமாத்தான் வரும், பிறகு நிலுவையோட சேர்த்துக் கொடுப்பாங்க. வாடகை வீட்டுக்கு வழக்கமா ரெண்டு மாச முன்பணம், ஒரு மாச வாடகை, தண்ணி மின்சாரத்துக்கு அரை மாசம். 900 வெள்ளி (ரிங்கிட்) வீடுன்னா 3,150 வெள்ளி. மூணு பேர் சேர்ந்தா ஆளுக்கு 1,050. அதோட ரெண்டு மாசச் சாப்பாட்டுச் செலவு கையில இருக்கணும். சபா, சரவாக் கிடைச்சா விமான டிக்கெட்டையும் கணக்குல வச்சுக்குங்க.

சரி, படிப்பே வேணாமா? வேணும், கொஞ்சமா, கை நடுங்கற நேரத்துக்கு உதவறது மட்டும். ஒரு சின்ன நோட்டுல பத்து அவசரம் எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் முதல் அஞ்சு நிமிஷம் என்ன செய்யணும், ஏன்னு. உதாரணத்துக்கு, ரத்தத்துல பொட்டாசியம் ஏறினது. வார்டுல 'லைட்டிக் காக்டெயில்'னு சொல்வாங்க: 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 எம்எல் மெதுவா, ஆக்ட்ராபிட் (இன்சுலின்) 10 யூனிட், டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) 50 சதவீதம் 50 எம்எல். மனப்பாடம் பண்றது சுலபம். தப்பு எங்க நடக்குதுன்னா, கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்கும்னு நினைக்கிறது. குறைக்காது, இதயத்தைக் காப்பாத்தும், அவ்வளவுதான். இன்சுலின்தான் பொட்டாசியத்தை செல்லுக்குள்ள தள்ளுது. அதோட விளைவு பல மணி நேரம் இருக்கும், அதனால டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தாச்சேன்னு விடாம சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பாக்கணும்.

அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி: அந்தப் பொட்டாசியம் நிஜமா? ரத்தம் உறையாம இருக்க பர்ப்பிள் மூடி டியூப்ல போட்டிருக்கற இடிடிஏ ஒரு பொட்டாசிய உப்பு, கால்சியத்தையும் பிடிச்சுக்கும். ரத்தம் போதலன்னு பர்ப்பிள்ல இருந்து மத்த டியூப்ல ஊத்தினா, பொட்டாசியம் வானத்துக்கு ஏறி கால்சியம் தரைக்கு இறங்கி ரிப்போர்ட் வரும். சின்ன ஊசியில வேகமா இழுத்து ரத்த அணு உடைஞ்சாலும் பொட்டாசியம் பொய்யா ஏறும். அதனால டியூப் வரிசை இப்பவே தெரியணும்: பிளட் கல்ச்சர் முதல்ல, பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, அப்புறம்தான் பர்ப்பிள், கடைசியில சாம்பல். பிரானுலா (ரத்தக்குழாய்ல ஏத்தற மெல்லிய குழாய்) நிறமும் அப்படித்தான். நீலம் 22, பிங்க் 20, பச்சை 18; நம்பர் ஏற ஏற குழாய் மெல்லிசு. ரத்தம் கொட்டறவங்களுக்கு நீலம் போட்டுட்டு, டிரிப் தண்ணி ஏன் மெதுவாப் போகுதுன்னு நிக்கக் கூடாது.

டெங்கி வழிகாட்டி ஒண்ணை முழுசாப் படிங்க. எந்த ஊர் போனாலும் அது வரும். காய்ச்சல் விட்டதும் ஆள் தேறிட்டார்னு நினைக்கிற நேரம்தான் ஆபத்துக் கட்டம் ஆரம்பிக்குது.

இன்னொண்ணு, வாய்விட்டுப் பேசிப் பழகுங்க. நடுராத்திரி எம்ஓவை (மேல இருக்கற மருத்துவ அதிகாரியை) ஃபோன்ல கூப்பிட்டு நோயாளி கதையைப் பிறப்புல இருந்து சொன்னா கேக்க மாட்டாங்க. யாரு, எந்த வார்டு, இப்ப என்ன பிரச்சினை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் எவ்வளவு, நீங்க என்ன செஞ்சீங்க, அவங்ககிட்ட என்ன வேணும். ஒரு நிமிஷத்துக்குள்ள. தங்கச்சியையோ தம்பியையோ எதிர்ல உக்கார வச்சு, கடிகாரம் பார்க்கச் சொல்லி ஒத்திகை பாருங்க. அவங்களுக்குப் புரியலன்னாலும் நீங்க எங்க திக்கறீங்கன்னு சொல்லிடுவாங்க. மலாய்ல பேசியே நாளாச்சுன்னா பசார்ல, கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசு கிளினிக்) தினமும் பேசுங்க.

அப்பா சொன்ன தூக்கம் பாதி சரி. களைப்பு இருந்தா இப்ப தீர்த்துக்குங்க. ஆனா நாலு மாசத் தூக்கத்தைச் சேர்த்து வச்சு அப்புறம் செலவு பண்ண முடியாது. மத்தியானம் பன்னெண்டுக்கு எழுந்திரிக்கிற பழக்கம் வந்துட்டா டேக்கிங் வாரங்கள்ல (புதுசாச் சேர்ந்தவங்க மூத்தவங்களோட ஒட்டிக்கிட்டு வேலை பழகற ஆரம்ப வாரங்கள்) விடியக்காலையே ரத்தம் எடுக்கப் போறது நரகம். கடைசி மூணு வாரம் அஞ்சரைக்கு எழுந்திரிங்க. கருப்புத் திரை ஒண்ணு வாங்கிக்குங்க, ராத்திரி ஷிஃப்டுக்குப் பிறகு பகல்ல தூங்க.

வீட்டையும் பாருங்க. அப்பா அம்மாவோட சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து என்னென்ன, அடுத்த அப்பாயின்மென்ட் எப்பன்னு எழுதி ஃபோன்ல வைங்க. அவங்களோட எங்கயாவது போகணும்னா இப்பவே போயிட்டு வாங்க. அடுத்த தைப்பூசத்துக்குக் ஈப்போ கல்லுமலை முருகன் கோயில்ல இருப்பீங்களா, வார்டுல இருப்பீங்களான்னு யாருக்கும் தெரியாது.

மாமா சொன்ன கிளினிக். நோயாளியைப் பாக்கறது கூடவே கூடாது. பதிவு இல்லாம மருத்துவம் பாக்கறது 1971 மருத்துவச் சட்டப்படி குற்றம். தற்காலிகப் பதிவு கையில வந்தாலும் அது அனுமதிச்ச ஆஸ்பத்திரியில பயிற்சி எடுக்க மட்டும்தான், கிளினிக்குச் செல்லாது. கவுண்டர்ல உக்காந்து பேரு எழுதறது, மருந்து ஸ்டாக் கணக்கு பாக்கறதுன்னா பரவாயில்ல. மருந்து விநியோகம் எப்படி நடக்குதுன்னும் தெரிஞ்சுக்கலாம். ஆனா "டாக்டர் வர லேட்டாகும், நீயே பாத்து எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதிக் கொடு"ன்னு ஒரு நாள் சொல்வாங்க. சொன்ன அன்னைக்கே பையை எடுத்துட்டுக் கிளம்பிடுங்க. கைச்செலவுக்குன்னா எஸ்பிஎம் பிள்ளைகளுக்குப் பயோலஜி டியூஷன் எடுங்க, டவுன்ல ஆள் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க.