கடலுக்குப் போகும் ஆற்று நீர் வீணா?

வணக்கம் மக்களே. "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே" என்று வெள்ளம் வரும்போதெல்லாம் யாராவது சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஆறு கடலைச் சேரும் இடத்தில் எப்போதும் ஒரு தள்ளுமுள்ளு நடக்கிறது. ஆறு வெளியே தள்ளும், கடல் உள்ளே வரப் பார்க்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அது நன்னீரை விட கனம். அதனால் ஆற்றின் அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. மேலே நல்ல தண்ணீர் ஓடும், அடியில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும். கரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

2023இல் மிசிசிப்பியில் இதுதான் நடந்தது. வறட்சியில் ஆறு மெலிந்தது, உப்பு மேலேறியது. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் ஆற்றின் அடியில் மண்ணால் போட்டிருந்த தடுப்பை இன்னும் உயர்த்தினார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய பிளாக்மின்ஸ் பகுதிக்குப் படகுகளில் நன்னீர் கொண்டுபோனார்கள். அவ்வளவு பெரிய ஆற்றுக்கே இந்த நிலை!

மீகாங் டெல்டாவின் கதை இன்னும் வருத்தமானது. 2020இல் வியட்நாமின் ஐந்து மாகாணங்கள் அவசரநிலை அறிவித்தன. காரணம் வறட்சி மட்டும் இல்லை. மேலே அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, கீழே மணலை அள்ளுகிறார்கள். படுகை ஆழமாக ஆக, அதே அளவு தண்ணீர் ஓடினாலும் கடல் முன்பை விட அதிக தூரம் உள்ளே வருகிறது. மணல் அள்ளுவதற்கும் குழாயில் வரும் தண்ணீர் கரிப்பதற்கும் உள்ள தொடர்பு இதுதான்.

சரி, சுத்திகரிக்கலாமே? படிகாரம், மணல் வடிகட்டி, குளோரின் எதுவும் கரைந்த உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி உப்புதான் இன்னும் கூடும். ஆர்ஓ எடுக்கும், ஆனால் ஒரு ஊருக்கே அப்படிக் கொடுக்க மின்சாரம் நிறைய வேண்டும். உப்பு நீர் பழைய ஈயக் குழாய்களை அரித்து ஈயத்தையும் தண்ணீரில் இறக்கிவிடும். வங்கதேசக் கடலோரத்தில் கர்ப்பிணிகளின் உயர் ரத்த அழுத்தத்துக்கும் உப்புக் குடிநீருக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு இதில் மிகவும் வலிப்பது அதுதான்.

அப்புறம் நிலத்தடி நீர். கடலோரத்தில் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. மோட்டார் போட்டு மேலே அரை மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் கீழே 20 மீட்டர் உப்பு ஏறும்.

அதனால் புதிதாக ஓர் அணையோ தடுப்போ பற்றிப் பேச்சு வந்தால் கேளுங்கள்: கோடையில் முகத்துவாரத்துக்கு எவ்வளவு தண்ணீர் விடப் போகிறீர்கள்? கடலோரத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) அளந்து எழுதி வையுங்கள். எண் தொடர்ந்து ஏறினால் இறைப்பதை உடனே குறையுங்கள். ஒருமுறை உப்பு ஏறிய நிலத்தடி நீர் மீள வருடக்கணக்காகும்.