பர்மாவிலிருந்து வந்த டீச்சர்: வியாசர்பாடிப் பாராட்டு விழாவில் ஆற்றிய உரை

விழாத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்ததோடு, விருந்தினர்களை முன்வரிசையில் அமர்த்திவிட்டுத் தாம் மின்விசிறி இல்லாத மூலையில் அமர்ந்திருக்கும் நலச்சங்கச் செயலாளர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு இடையே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, இப்பகுதியில் மூன்று தலைமுறைக்கு ஊசி போட்ட மருத்துவர் ஐயா அவர்களே (இவரைச் சொல்லாமல் விட்டால் அடுத்த காய்ச்சலுக்கு நான் வேறு பேட்டைக்குத்தான் போகவேண்டும்), பொன்னாடை வேண்டாம், அந்தக் காசுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட விழா நாயகி, எங்கள் டீச்சர் அம்மையார் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். அம்மையாரின் குடும்பம் வந்த வழி ஒன்று. அவர் பாடம் நடத்திய முறை ஒன்று. உங்கள் முன் வைக்கும் கோரிக்கை ஒன்று. எந்த மேடையிலும் நான் சொல்லும் பழமொழியை இங்கும் சொல்லித்தான் தொடங்குவேன்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

அம்மையாரின் தாத்தா இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறியபோது அது அயல்நாடே அன்று. 1937 ஏப்ரல் முதல் நாள் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, ஒரு காலையில் விழித்துப் பார்க்கும்போது வெளிநாட்டாராகிப்போன குடும்பம் இவர்களுடையது. 1942-இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி ஆயிரக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து அஸ்ஸாம் பக்கம் நடந்தார்களே, அந்த நடையில் போன பெரியப்பாவைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. தங்கிவிட்ட தந்தையார் போருக்குப் பின் ஜவுளிக்கடை வைத்தார். 1962-இல் படைத்தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதம் பர்மியப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாமல் போயின. தந்தையார் கையிருப்பைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் முன், விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் கணக்குத் தாளில் எழுதி வைத்தாராம். திரும்பி வராது என்று தெரியும். ஐராவதி ஆற்றில் போட்டதாகவே நினைத்துக்கொண்டார். ஆனாலும் அளந்துதான் போட்டார்.

எல்லாம் இழந்து குடும்பம் கப்பலேறி வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அம்மையாருக்கு வயது ஒன்பது. தாயார் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். ‘டி.சி. எங்கேம்மா?’ என்கிறார் தலைமையாசிரியர். ‘கடையையே எடுத்துக்கிட்டாங்க சாமி, டி.சி.க்கு நான் எங்கே போவேன்?’ என்கிறார் தாயார். (சிரிப்பு) சரி, எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்க ஒரு மனக்கணக்கு. ‘ஒரு மீட்டர் துணி ஒன்றேகால் ரூபாய், எட்டு மீட்டர் என்ன விலை?’ ஜவுளிக்கடைக்காரர் மகளிடம் கேட்கிற கேள்வியா இது! சிறுமி பலகையை வாங்கி ஒரு நொடியில் எழுதி நீட்டுகிறாள். தலைமையாசிரியர் பார்க்கிறார்: பலகையில் இரண்டே இரண்டு வட்டம். ‘தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லேன், ஜாங்கிரியா பிழிந்திருக்கிறாய்?’ என்று அதட்டுகிறார். சிறுமிக்கு ஜாங்கிரி என்றால் என்னவென்று தெரியாது. (பலத்த சிரிப்பு) தாயார்தான் முன்னே வந்து, ‘ஐயா, அது பத்து. அங்கே பத்து அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்க்கிறார். முதல் வட்டத்துக்கு ஒரு பக்கம் வாய் திறந்திருக்கிறது, இரண்டாவது மூடியிருக்கிறது. பர்மிய எழுத்தில் ஒன்றும் சுழியும் அவை. அந்த மனிதரைப் பாராட்டவேண்டும். கோபம் போன இடம் தெரியவில்லை. ஒன்று முதல் பத்து வரை எழுதச் சொல்லி, வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் தாமும் பார்த்து எழுதுகிறார். மூன்றைத் தப்பாக எழுதிவிட்டார். சிறுமி தயங்காமல் பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுக்கிறாள். அம்மையாருக்குக் கிடைத்த முதல் மாணவர், பெரியோர்களே, ஒரு தலைமையாசிரியர்! (கைதட்டல்)

பின்னாளில் ஆசிரியைப் பயிற்சி முடித்து மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்து, 58 வயது நிறைந்த ஆண்டின் மே மாதம் ஓய்வு பெறும் வரை, டி.சி. இல்லாமல் வந்த எந்தக் குழந்தையையும் அவர் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியதில்லை என்பதற்கு இந்த மண்டபத்திலேயே சாட்சிகள் இருக்கிறார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, நாற்காலியை விட்டுப் பாயில் உட்காருவதா என்று பலர் முணுமுணுத்தார்கள். அம்மையார் முழங்கால் வலியோடு முதலில் உட்கார்ந்தார். பாடம் நடத்திய முறை பற்றி அவருடைய மாணவர்கள் அடுத்துப் பேசுவார்கள் ஆதலால், நான் என் கோரிக்கைக்கு வருகிறேன்.

அந்தக் கணக்குத் தாள் இன்றும் இருக்கிறது. அதோடு தந்தையாரின் எஃப்.ஆர்.சி. அட்டை (பர்மாவில் வெளிநாட்டாருக்குத் தந்த பதிவுச் சான்று), கப்பல் சீட்டு, தொழிற்கடன் கேட்டு எழுதிய மனுவின் நகல் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடித் தெருக்களில் தண்ணீர் நின்றதே, அப்போது பெட்டியின் அடித்தட்டு நனைந்துவிட்டது. அட்டையிலிருந்த நிழற்படம் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தால் முகம் உறையோடு வந்துவிடும். ஒட்டினபடியே வைத்திருக்கிறார். பர்மாவிலிருந்து வந்த பலர் குடியேறிய இப்பகுதியில் இப்படி எத்தனை பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றனவோ! பர்மா என்றால் சென்னைவாசிக்கு பர்மா பஜாரும் அத்தோ என்னும் நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும்தான். மனம் பொறாமல் தரைவழியே பர்மாவுக்குத் திரும்பப் புறப்பட்டு, மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தங்கிவிட்ட தமிழர்கள் அங்கே கோயிலும் தமிழ்ச் சங்கமும் வைத்திருக்கிறார்கள். அவர்களையும் நம்மையும் இணைத்துச் சொல்லும் காகிதங்கள் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் கல்யாணப் பத்திரிகையையும் துண்டு நோட்டீஸையும்கூடச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பு இன்று தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. எழும்பூரிலோ அரசின் ஆவணக் காப்பகமே இருக்கிறது. நாம் கேட்பது மாளிகையன்று. காப்பகத்தார் படியெடுக்கும் கருவியோடு இங்கே வந்து சில நாட்கள் முகாமிட்டு, மக்கள் கொண்டுவரும் ஆவணங்களைப் படியெடுத்து, மூலத்தை அன்றே திருப்பித் தரவேண்டும். படிகளில் ஒரு தொகுதியை நம் கிளை நூலகத்தில் வைக்கவேண்டும். இழந்த கடைக்கு ஈடு கேட்கவில்லை. அளந்து போட்டதற்குக் கணக்கை மட்டும் காப்பாற்றிக் கொடுங்கள் என்கிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை வாழ்ந்து காட்டிய ஒருவருக்கு எடுக்கும் விழாவில், வேறு எதைக் கேட்பது?

மனு தயாராக இருக்கிறது. முதல் கையொப்பம் இட மாமன்ற உறுப்பினர் அவர்கள் அன்போடு இசைந்திருக்கிறார்கள். இரண்டாவதாக மருத்துவர் ஐயா. மற்றவர்களுக்கு வாசலின் இடப்பக்க மேசையில் படிவம் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் என்னென்ன காகிதங்கள் இருக்கின்றன என்று அதில் எழுதினால் போதும். மூல ஆவணத்தை இன்று யாரிடமும் கொடுக்கவேண்டாம், என்னிடமும் கொடுக்கவேண்டாம். நோட்டுப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு வழங்குமாறு இப்போது அம்மையாரை அழைக்கிறேன்.