ஆத்துக்குப் போகாம வீட்டுக் குழாயடியில பதினெட்டாம் பெருக்கு | சேலம் வ்லாக்

வணக்கம் மக்களே, சத்தம் கம்மியா கேட்டா வால்யூம் கொஞ்சம் ஏத்திக்கோங்க, பின்னாடி எங்கம்மா உக்காந்திருக்காங்க, நேத்து ராத்திரியில இருந்து எங்கிட்ட மூஞ்சி குடுத்து பேசல, அதனால நான் இன்னைக்கு அடக்கித்தான் வாசிக்கணும். 2025 ஆகஸ்ட் 3, ஞாயித்துக்கிழமை, ஆடி 18. மணி அஞ்சே முக்கா. சேலத்துல குகைங்கற ஏரியாவுல எங்க வீட்டு வாசல் குழாயடி. தேய்ச்சு வெச்ச பித்தளை குடம் ரெடி, மஞ்சள் ரெடி, நான் ரெடி, தண்ணி மட்டும்தான் இன்னும் வரல.

ஆமாங்க, குழாய்த் தண்ணிக்குத்தான் வெய்ட்டிங். எங்க தெருவுல ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், முறைப்படி இன்னைக்கு வரணும், ஆனா நாள் தள்ளிப்போறதும் உண்டு, அப்படி தள்ளிப்போச்சுனா எங்கம்மா மூஞ்சிய நான் எப்படி பாக்கறதுனு தெரியல. ஏன்னா இந்த வருஷம் மேட்டூருக்குப் போக வேண்டாம், வீட்டுலயே கும்புட்டுக்கலாம்னு சொன்னது நான்தான். "ஆத்துக்குப் போகாத பதினெட்டு ஒரு பதினெட்டா"னு ஒரே ஒரு வார்த்தை, அதோட பேச்சு கட்.

தண்ணி வர்ற வரைக்கும் பேசிட்டு இருப்போம். ஆடி மாசம்னாலே கல்யாணம் வெக்க மாட்டாங்க, கிரகப்பிரவேசம் பண்ண மாட்டாங்க, புதுசா கட்டுன பொண்ண அம்மா வீட்டுக்கு கூட்டிட்டு வந்துருவாங்க, ஆனா அதே மாசத்துல இந்த 18ஆம் தேதி மட்டும் எது தொடங்குனாலும் பெருகும்னு சொல்றாங்க, இது எப்படினு நானே சின்ன வயசுல கேட்டிருக்கேன். பெருக்குனா வேற ஒண்ணும் இல்லைங்க, தண்ணி பெருகுறதுதான். இங்க சேலத்துல ஆடியில வெயிலும் காத்தும்தான் அடிக்கும், பெருசா மழை இருக்காது, ஆனா அங்க குடகுலயும் வயநாட்டுலயும் தென்மேற்குப் பருவமழை கொட்டும், அது கர்நாடகாவுல இருக்குற கே.ஆர்.எஸ்., கபினி ரெண்டு அணையையும் நிரப்பிட்டு பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியா நம்ம மேட்டூருக்கு வந்து சேரும், அதாவது நம்ம தலைமேல ஒரு சொட்டு விழாமயே நம்ம ஆறு நிறையும். யாரோ எங்கயோ நனைஞ்சதுக்கு நமக்கு வெள்ளாமை. தண்ணி வந்தா வெதைக்கலாம், அதான் "ஆடிப்பட்டம் தேடி விதை". வெதைக்கிற நேரத்துல கல்யாணம் காட்சினு செலவு பண்ண கையில காசும் இருக்காது, ஆளும் இருக்காது, அதனால மாசத்த தள்ளி வெச்சாங்க, தண்ணி வந்த நாள மட்டும் கொண்டாடுனாங்க. எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்.

இப்ப நகைக்கடைக்காரங்களும் ஆடி பெருக்குக்கு தங்கம் வாங்குனா பெருகும்னு போர்டு வெக்கிறாங்க. பவுன் வெல எங்கயோ ஏறி நிக்குது, எங்கப்பா சொல்லுவாரு, "வாங்கு சாமி, பெருகும், கடன்தான் பெருகும்"னு. சரி அத விடுங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆடி 18 தனியா வராதுங்க, அது ஆடி 1லயே ஆரம்பிச்சுரும். வெளியூர்ல இருந்து பாக்குறவங்களுக்கு சொல்றேன், சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் ஆடி 1 அன்னைக்கு தேங்கா சுடுற நோம்பி. போன மாசம் 17ஆம் தேதி நாங்க சுட்டோம். மட்டை உரிச்ச தேங்காய எடுத்து, மேல இருக்குற நாரெல்லாம் போயி மொழுமொழுன்னு ஆகுற வரைக்கும் சொரசொரப்பான சிமெண்டு தரையில போட்டு தேய்க்கணும், இது பசங்க வேலை, எங்க தெருவுல சாயந்தரம் நாலு மணிக்கே கரகரன்னு ஒரே சத்தமா இருக்கும். அப்புறம் மூணு கண்ணுல இளசா இருக்குற கண்ண ஓட்டை போட்டு தண்ணிய ஒரு டம்ளர்ல எடுத்து வெச்சுட்டு, உள்ள பச்சரிசி, பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள்ளு, வெல்லம் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா குத்தி குத்தி உள்ள தள்ளணும், முழுசா ரொப்பக்கூடாது, அரிசி வெந்து உப்ப எடம் வேணும், இல்லைனா படார்னு வெடிச்சுரும், ஒரு வருஷம் எங்க வீட்டுது வெடிச்சிருக்கு. எடுத்து வெச்ச தண்ணியில கொஞ்சம் திருப்பி உள்ள ஊத்தி, அழிஞ்சி மரத்துக் குச்சிய பென்சில் மாதிரி சீவி அந்த கண்ணுல சொருகி, மஞ்சள் பூசி, வாசல்ல தீ மூட்டி சுத்தி சுத்தி சுடுறதுதான். ஓடு கருத்து விரிசல் விட்டு, உள்ள வெல்லம் பொங்கி ஓரத்துல கசிஞ்சு அந்த வாசன வரும் பாருங்க, அப்ப எடுத்துரணும். பிள்ளையாருக்குப் படைச்சுட்டு ஒடைச்சா, தேங்காவோட ஒட்டுன பக்கம் இருக்குற அரிசி ஒரு மாதிரி பொகை வாசத்தோட... இத நான் வாயால சொல்லி உங்களுக்கு புரிய வெக்க முடியாது, யாராச்சும் தெரிஞ்சவங்க வீட்டுக்கு அடுத்த வருஷம் வந்துருங்க.

இதுக்கு அம்மாயி சொன்ன கதை, அம்மாயினா எங்கம்மாவோட அம்மா. பாரதப்போர் ஆடி 1ல ஆரம்பிச்சு 18 நாள் நடந்து ஆடி 18ல முடிஞ்சுச்சாம், போருக்கு முன்னாடி ஜெயிக்கணும்னு பிள்ளையாருக்கு தேங்கா சுட்டு கும்புட்டாங்க, முடிஞ்ச அன்னைக்கு ஆயுதத்தையெல்லாம் ஆத்துல கழுவி தலை முழுகுனாங்க. கீதை சொன்னது போர் தொடங்குன அன்னைக்கு, ஆனா கீதா ஜெயந்தி மார்கழியில வருது, அந்த கணக்குக்கும் இதுக்கும் ஒத்துவரல, அத ஒரு தடவ அம்மாயிகிட்டயே கேட்டேன், "அப்ப நீ மார்கழியில தேங்கா சுடு, எனக்கென்ன"னுட்டாங்க. ஆனா பாருங்க, இன்னைக்கும் நம்ம பக்கத்து ஊர் சாமியோட வேலு, அருவா, ஈட்டியெல்லாம் எடுத்துட்டு வந்து காவேரியில கழுவி எடுத்துட்டுப் போறாங்க, அந்த கதை அங்க உயிரோட இருக்கு.

இருங்க இருங்க, ஏதோ சத்தம்... இல்ல, காத்துதான் வருது. குழாய்ல காத்து வந்தா கால் மணி நேரத்துல தண்ணி வரும்னு ஒரு கணக்கு இருக்கு. பாப்போம்.

மேட்டூர் ஏன் வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லிடறேன், இல்லைனா நீங்களும் எங்கம்மா கட்சிக்குப் போயிருவீங்க. 2023ல போனோம், 120 அடி அணையில பாதிக்குத்தான் தண்ணி இருந்துச்சு. அணை கட்டும்போது முழுகிப்போன ஊரெல்லாம் இருக்கு இல்ல, 1925ல இருந்து 1934 வரைக்கும் கட்டுனாங்க, பண்ணவாடி பக்கம் தண்ணி இறங்குனா பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் சர்ச் கோபுரமும் வெளிய தெரியும், பாக்குறவங்க எல்லாம் போட்டோ எடுப்பாங்க, எங்கம்மா மட்டும் நந்தி தலை தெரியுற வருஷம் நல்ல வருஷம் இல்லைனு திரும்பி நின்னுக்குவாங்க. சரினு அடுத்த வருஷம் 2024ல போனா நேர்மாறு. ஜூலை 30 அணை ரொம்பிருச்சு, நாங்க போன அன்னைக்கு வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல தண்ணி போகுது, 16 கண் மதகு பக்கம் பாத்தா நெஞ்சு படபடங்குது, ஆத்துல எறங்கவே விடல. அது சரிதான், அந்த வேகத்துல கால் வெச்சா ஆளு பவானியிலதான் கெடைக்கும். ஆனா கூட்டம் குறையுதா? அணைக்கட்டு முனியப்பனுக்கு கெடா வெட்டுறவங்க ஒரு பக்கம், தண்ணி பாக்க வந்தவங்க ஒரு பக்கம், பஸ் ஒன்றரை மணி நேரம் நகரல, டிபன் கேரியர்ல இருந்த தேங்கா சாதம் ஊசிப்போச்சு, நல்ல நேரம் முடியப்போகுது, எங்கக்கா தாலிக்கயிறு மாத்தியாகணும்.

கடைசியில என்ன பண்ணோம் தெரியுமா, மேட்டூர்ல ரோட்டோரமா ஒரு தெருக்குழாய், அதுல கைகால் கழுவி, தலையில தண்ணி தெளிச்சு, அந்த குழாயடிக்கே மஞ்சள் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டி அங்கயே கும்புட்டோம். அப்ப எங்கம்மா சொன்னாங்க, "இதுவும் அதே தண்ணிதான"னு. நான் அத கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். சேலத்துக்கு குடிக்கிற தண்ணி எங்க இருந்து வருது? மேட்டூர் தொட்டில்பட்டியில இருந்து பைப்ல வருது. அப்ப 50 கிலோமீட்டர் பஸ்ல போயி அந்த ஊர் குழாய்ல கும்புடுறதுக்கு, அதே காவேரி எங்க வீட்டு வாசலுக்கே வருதே, அவள இங்கயே வரவேற்கலாம்ல? எங்கம்மா இதுக்கு பதிலே சொல்லல, அதான் நேத்துல இருந்து இந்த மௌனம்.

அவங்க கோவத்துக்கு இன்னொரு காரணமும் இருக்குனு நெனைக்கிறேன். சேலத்துக்குனு ஒரு ஆறு இருந்துச்சுங்க. திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில பொறந்து, கோட்டை மாரியம்மன் கோயில ஒட்டி ஊருக்குள்ள ஓடி, நாமக்கல் மாவட்டத்துல நன்செய் இடையாறு கிட்ட காவேரியில சேருது. அம்மாயி சின்னப் பொண்ணா இருந்தப்ப ஆடி 18க்கு யாரும் மேட்டூர் போகலையாம், இந்த ஆத்துலதான் ஏழு கல்லு எடுத்து கன்னிமாரா வெச்சு கும்புட்டிருக்காங்க, முளைப்பாரி விட்டிருக்காங்க. இப்ப அந்தப் பக்கம் போனா மூக்க பொத்திட்டுத்தான் போகணும், சாக்கடையும் சாயத்தண்ணியும் கலந்து ஓடுது. ஒரு தலைமுறை உள்ளூர் ஆத்துல கும்புட்டுச்சு, அடுத்தது பஸ் ஏறி மேட்டூர் போச்சு, இப்ப நான் குழாயடிக்கு வந்துட்டேன். எங்கம்மா இத வாய்விட்டு சொல்லல, ஆனா எனக்கு தெரியும்.

ஏய் வந்துருச்சு வந்துருச்சு! அம்மா, தண்ணி வந்துருச்சு! இருங்க, கேமராவ இப்படி திண்ணையில வெக்கிறேன்.

பாத்தீங்களா, மொத தண்ணி கலங்கலாத்தான் வருது, ஆடியில அப்படித்தான், புதுத்தண்ணி. இந்த வருஷம் ஜூன் கடைசியிலயே 120 அடி தொட்டுருச்சு, அதனால தண்ணிக்கு பஞ்சம் இல்ல. குடம் ரொம்புது. அம்மா எந்திரிச்சு வர்றாங்க, ஒண்ணும் பேசாதீங்க, பாத்துட்டே இருங்க... மஞ்சள அவங்களே கரைக்கிறாங்க. சரி, ராசி.

குடத்து வாயில மாவிலை, பூ. பக்கத்துல ஏழு கல்லு, இது போன வருஷம் மேட்டூர்ல பொறுக்குனது, அத எங்கம்மா சேலை முந்தானையில முடிஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும். காதோலை கருகமணி, வளையல், இது காவேரிக்கு. காவேரி இப்ப மசக்கையா இருக்கான்னு ஒரு நம்பிக்கை, வளைகாப்புக்கு செய்யுற மாதிரி எலுமிச்ச சாதம், புளி சாதம், தேங்கா சாதம், தயிர் சாதம்னு கலந்த சாதமா செஞ்சு வெக்கிறது அதுக்குத்தான். ஸ்ரீரங்கத்துல நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு வந்து தங்கச்சி காவேரிக்கு பட்டு, மஞ்சள், குங்குமம்னு சீர் குடுப்பாரு. அண்ணன் சீர் யானை மேல போகுது, நம்ம சீர் எவர்சில்வர் தட்டுல.

இது காப்பரிசி. பச்சரிசிய அரை மணி நேரம் ஊற வெச்சு தண்ணி வடிச்சு, வெல்லம் தட்டிப் போட்டு, எள்ளு, தேங்காப் பல்லு, ஏலக்கா. அடுப்பே வேண்டாம். வெல்லத்துல அரிசி லேசா நமத்து, கடிக்கும்போது நறுக்குனு இருக்கணும், ஒரேடியா ஊறிட்டா கொழகொழன்னு ஆகிரும். முளைப்பாரிய பாக்காதீங்க, ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டேன், அடியில ஓட்டை போட மறந்துட்டேன், பாதி அழுகிருச்சு.

அக்கா வந்தாச்சு, கிழக்க பாத்து உக்காந்துட்டா. புதுக்கயிறு கட்டுனதுக்கு அப்புறம்தான் பழசக் கழட்டணும், ஒரு நொடி கூட கழுத்து வெறுசா இருக்கக்கூடாதுங்கறது அம்மா சட்டம். இத வீடியோ எடுக்க வேண்டாம்னு சொல்றா, அதனால குடத்த காட்டுறேன், பாத்துக்கோங்க.

...சரி, முடிஞ்சுது. இப்ப ஒரு சிக்கல். ஆத்துல கும்புட்டா எல்லாத்தையும் ஆறே எடுத்துட்டுப் போயிரும், இங்க இந்த தண்ணி, பூ, பழைய கயிறு எல்லாம் எங்க விடறது? சாக்கடையில ஊத்துனா அது திருமணிமுத்தாறுக்குப் போகும், அங்க இருந்து நன்செய் இடையாறு, அங்க இருந்து காவேரி, கணக்கு கரெக்டா வருதுல்லனு நான் சும்மா ஜோக்குக்கு சொன்னேன், எங்கம்மா பாத்த பார்வை இருக்கே... கயிற கறிவேப்பிலை மரத்துக் கிளையில கட்டிட்டாங்க, குடத்துத் தண்ணியையும் அதே மரத்து அடியில ஊத்திட்டு இருக்காங்க.

என்னம்மா? ...அடுத்த வருஷம் மேட்டூர் போகணுமாம். பஸ்ஸு வேண்டாம், கார் வெச்சுப் போகணுமாம். சரி, மொதல்ல புளி சாதம் போடறேன்னு சொல்லியிருக்காங்க, நான் போறேன், தண்ணி நிக்கறதுக்குள்ள இன்னும் ரெண்டு குடம் புடிச்சு வெக்கணும், அடுத்து எப்ப வருமோ.