குழாய் ரிப்பேர்க்காரர் உடுப்பில் ஒரு லத்தீன் வாத்தியார்: ரெஜினால்ட் ஃபாஸ்டர் எப்படிக் கற்றுக்கொடுத்தார்?

[திரை: வத்திக்கான் வாசல். நீலச் சட்டை, நீலப் பேன்ட்டில் ஒருவர் நடந்துபோகும் கோட்டோவியம்]

குரல்: பார்த்தால் குழாய் ரிப்பேருக்கு வந்தவர் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்து அவர் எழுதுவது போப்பாண்டவர் பெயரில் வெளியே போகும் லத்தீன் கடிதம்.

பெயர் ரெஜினால்ட் ஃபாஸ்டர். 1939 நவம்பர் 14, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். அப்பா பிளம்பர். அந்த நீல உடுப்பு அங்கிருந்து வந்ததுதான். துறவிகளின் அங்கி காலத்துக்கு ஒவ்வாதது என்று நினைத்தவர் கடைசிவரை இதையே போட்டுக்கொண்டார். 13 வயதில் குருமடம் போய், கார்மேல் சபைத் துறவியாகி, 1962இல் படிக்க ரோமுக்கு வந்தார். 1969இல் வத்திக்கான் செயலகத்தின் லத்தீன் கடிதப் பிரிவில் சேர்ந்தார். ஆறாம் பவுல், முதலாம் யோவான் பவுல், இரண்டாம் யோவான் பவுல், பதினாறாம் பெனடிக்ட் என்று நான்கு போப்பாண்டவர்கள் வந்தார்கள். 40 வருஷம் அவர் அங்கேயே இருந்தார்.

இந்த வீடியோ அந்த உத்தியோகத்தைப் பற்றியது அல்ல. வத்திக்கானில் லத்தீன் எழுதத் தெரிந்தவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். நாம் பார்க்கப்போவது அவருடைய வகுப்பறையை. 1977 முதல் ரோமின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் வருஷத்துக்கு 10 லத்தீன் வகுப்புகள் எடுத்தார். 1985 முதல் கோடையில் 8 வாரப் பள்ளி ஒன்றும் நடத்தினார். அதற்குக் கட்டணமே கிடையாது.

[திரை: பள்ளி லத்தீன் புத்தகத்தின் பக்கம். கட்டம் கட்டமாக விகுதிகள்]

வழக்கமான லத்தீன் வகுப்பு இப்படித்தான் தொடங்கும்: ஒரு பெயர்ச்சொல், அதன் வேற்றுமைகள், ஒருமை, பன்மை. மனப்பாடம் செய், ஒப்பி. பழைய ரோமின் பெரிய எழுத்தாளர் சிசரோவின் ஒரு வரியைக் கண்ணால் பார்க்க வருஷம் ஒன்றிரண்டு ஆகும்.

ஃபாஸ்டர் அந்தக் கட்டங்களைத் தூக்கிப் போட்டார். பழைய ரோமில் பிச்சைக்காரர்களும் பேசிய மொழி இது, இதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே நகலெடுத்த தாள் ஒன்று கைக்கு வரும். அதில் உள்ளவை பாடப்புத்தகத்துக்காகச் செய்த வாக்கியங்கள் அல்ல. ஒரு வரி பழைய ரோமின் நாடகாசிரியர் பிளாட்டஸ், ஒரு வரி புனிதர் அகுஸ்தீன், இன்னொன்று 16ஆம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ் என்று இரண்டாயிரம் வருஷத்து அசல் எழுத்து. வரியை வாசிப்பார், ஒருவரைச் சுட்டிக் கேட்பார்: யார் செய்கிறார்? எப்போது? எப்படித் தெரிந்தது? இலக்கணம் அந்த வரிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அன்றைக்கு.

[திரை: மூன்று வாக்கியங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக]

ஒரு சின்ன எடுத்துக்காட்டு. உச்சரிப்பைத் திருச்சபை வழக்கப்படியே சொல்கிறோம்.

கானிஸ் ஹோமினெம் மோர்டெட். நாய் மனிதனைக் கடிக்கிறது.
ஹோமினெம் கானிஸ் மோர்டெட். மனிதனை நாய் கடிக்கிறது.
ஹோமோ கானெம் மோர்டெட். இப்போது கடிப்பவன் மனிதன்.

ஆங்கிலம் வழியாக லத்தீனுக்கு வருகிறவர் முதலில் தடுக்கி விழும் இடம் இது. முதலில் நிற்கும் சொல்தான் எழுவாய் என்று நினைத்துவிடுவார். தமிழ் பேசுகிறவருக்கு இங்கே சிரமமே இருக்காது. 'ஐ' எங்கே ஒட்டியிருக்கிறதோ அதுதான் கடிபட்டது, இங்கே அந்த வேலையை 'எம்' செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம். தொல்காப்பியர் இரண்டாம் வேற்றுமையை 'ஐ எனப் பெயரிய வேற்றுமைக் கிளவி' என்று உருபின் பெயராலேயே சொல்லிவிட முடிந்தது. லத்தீனில் அது முடியாது, ஒரே உருபு பல வேலை பார்க்கும். 'புவெல்லா' என்றால் சிறுமி. 'புவெல்லே' என்றால் சிறுமியின், சிறுமிக்கு, சிறுமிகள், மூன்றுமே. அதனால் ஃபாஸ்டர் வேலையின் பெயரையே வேற்றுமைக்கு வைத்தார். பழைய இலக்கணப் பெயர்களுக்குப் பதில், செயப்படுபொருள் வேலை, உடைமை வேலை என்கிற மாதிரி. காலங்களுக்கு வெறும் எண்: 1 நிகழ்காலம், 3 எதிர்காலம், 4 முடிந்துபோனது, இப்படி மொத்தம் 6.

[திரை: மூன்று சொற்கள்: மோனெட், லெஜெட், அமெட்]

இனி நிஜமான கண்ணி. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம், ஏனென்றால் லத்தீன் படிப்பவர்களில் பெரும்பாலோர் தப்பாக மொழிபெயர்ப்பது இங்கேதான்.

மூன்று சொல்லும் 'எட்' என்றே முடிகின்றன. மோனெட் என்றால் எச்சரிக்கிறார், இப்போது. லெஜெட் என்றால் வாசிப்பார், இனிமேல். அமெட் என்றால் நேசிக்கட்டும், நேசிக்கலாம் என்ற பொருள். விகுதியை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது.

காரணம், வினைச்சொற்கள் நான்கு குழுக்களாக இருப்பது. முதல் இரண்டு குழுவும் எதிர்காலத்துக்கு நடுவில் 'பி' சேர்க்கும்: அமாபிட், மோனேபிட். மூன்றாம், நான்காம் குழுவுக்கு அந்த 'பி' கிடையாது, 'எ' தான்: லெஜெட், அவுதியெட். அந்த 'எ' இரண்டாம் குழுவில் நிகழ்காலத்திலேயே இருக்கிறது. முதல் குழுவிலோ 'ஆகட்டும்' என்ற பொருளுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆக, சொல் எந்தக் குழு என்று தெரியாமல் காலம் சொல்ல முடியாது. குழுவைச் சொல்வது அகராதி.

அதனால்தான் ஃபாஸ்டர் அகராதியைப் பார்க்கச் சொல்லி அவ்வளவு பாடாய்ப் படுத்தினார், அதுவும் கைக்கடக்கப் பதிப்பை அல்ல, லூயிஸ், ஷார்ட் இருவரின் பெரிய அகராதியை. அதில் வினைச்சொல்லுக்கு நான்கு வடிவம் இருக்கும்: லெகோ, லெஜெரே, லேஜி, லெக்டும். இரண்டாவது வடிவம், சொல் எந்தக் குழு என்று காட்டும். மூன்றாவது வடிவம் முடிந்த காலத்தின் அடி. பெயர்ச்சொல்லுக்கு இரண்டு வடிவம்: லெக்ஸ், லெஜிஸ், அதாவது சட்டம், சட்டத்தின். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடுகிறவர் 'லெஜிஸ்' என்ற எழுத்தைக் கண்டதும் மாட்டிக்கொள்வார். அது சட்டத்தின் என்றும் ஆகும், நீ வாசிக்கிறாய் என்றும் ஆகும். நம் 'படி' மாதிரி. ஏறும் படியா, புத்தகம் படியா? பக்கத்துச் சொற்கள்தான் சொல்லும்.

[திரை: நெருக்கமாக எழுதிய வீட்டுப்பாடத் தாள்]

வீட்டுப்பாடத்துக்கு அவர் வைத்த பெயர் லூடி டொமெஸ்டிச்சி, வீட்டு விளையாட்டுகள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஒரு அசல் பத்தி இருக்கும். அதைச் சுற்றிக் கேள்விகள்: இந்தச் சொல்லை மொழிபெயர், இதைப் பன்மையாக்கு, இந்த வினையைக் காலம் 4க்கு மாற்று, இதே அமைப்பில் இந்த வாக்கியத்தை லத்தீனில் சொல்.

அந்த முறையில் ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் பார்ப்போம். அமிக்குஸ் எபிஸ்டுலம் ஸ்க்ரீபிட்: நண்பன் கடிதம் எழுதுகிறான். பன்மையில்: அமிச்சி எபிஸ்டுலாஸ் ஸ்க்ரீபுன்ட். காலம் 4இல்: ஸ்க்ரிப்ஸிட். இதை ஊகிக்க முடியாது, அகராதியின் மூன்றாவது வடிவத்திலிருந்து எடுக்க வேண்டும். காலம் 3இல்? பத்துப் பேரில் பலர் 'ஸ்க்ரீபேபிட்' என்று எழுதுவார்கள். தப்பு. மூன்றாம் குழு, 'பி' வராது. ஸ்க்ரீபெட். இங்கே தப்பு செய்து திருத்தம் வாங்கியவருக்கு, மேலே சொன்ன மூன்று 'எட்'டும் பிறகு குழம்பாது. கட்டத்தை நூறு தடவை ஒப்பித்தவருக்குக் குழம்பும். இந்த முறையின் சூட்சுமம் இதுதான்.

திருத்துவதை அவரே செய்தார். இந்த முறையில் விலை உயர்ந்த பகுதி இது. கட்டத்தை வைத்து நடத்த சுமாரான ஆசிரியர் போதும். எந்த நூற்றாண்டின் தாளையும் எடுத்து எந்தச் சொல்லையும் கேள்வியாக்க, மொழி முழுசாகக் கைவசம் இருக்க வேண்டும். ஃபாஸ்டர் மாதிரி நடத்த முயன்று தடுமாறுகிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு குறை இருக்கும்: தாளை மட்டும் எடுத்துக்கொண்டு விளையாட்டை விட்டுவிடுவது, இல்லை, கொடுத்துவிட்டுத் திருத்தாமல் விடுவது. முறையிலும் ஒரு குறை உண்டு. எண்ணும் வேலைப் பெயரும் மட்டும் பழகியவர் வேறு இலக்கண நூலைத் திறந்தால் கொஞ்ச நாள் திணறத்தான் செய்வார்.

[திரை: ரோம் நகரின் வரைபடம். சில இடங்களில் புள்ளிகள்]

வாசிப்பு அறைக்குள் நிற்கவில்லை. மாலையில் மடத்துத் தோட்டத்தில் மரத்தடியில் உட்கார்ந்து லத்தீனிலேயே பேசி வாசிப்பார்கள். அதற்குப் பெயர் 'சுப் அர்போரிபுஸ்', மரங்களின் கீழே. ரோமின் பழைய துறைமுகமான ஓஸ்டியாவுக்குப் போனால், அங்கே இறந்த தன் தாய் மோனிக்காவைப் பற்றி அகுஸ்தீன் எழுதியது கையில் இருக்கும். மார்ச் 15 வந்தால் சீசர் குத்துப்பட்ட இடமான லார்கோ அர்ஜென்டினாவில் நின்று அந்தக் கொலை பற்றிய பகுதியை வாசிப்பார்கள்.

2006இல் கிரகோரியன் பல்கலைக்கழகம் அவரை நிறுத்தியது. பணம் கட்டாத மாணவர்களை அளவுக்கு மீறி வகுப்பில் உட்காரவிட்டார் என்பது காரணம். அதே ஆண்டு நவம்பரில் அவர் ரோமிலேயே வேறு இடம் பிடித்து, சொந்தமாக இலவச வகுப்பைத் தொடங்கினார். 2008 கோடையில் கீழே விழுந்து அறுவை சிகிச்சை. 2009இல் மில்வாக்கிக்குத் திரும்பினார். அங்கே முதியோர் இல்லத்தில் இருந்தபடியே மறுபடி வகுப்பு, மறுபடி இலவசம். 2020 டிசம்பர் 25 அன்று, 81ஆவது வயதில் காலமானார். அதற்குச் சில நாள் முன்புதான் கோவிட் தொற்று உறுதியாகியிருந்தது.

அவருடைய பழைய மாணவர்கள் 2010இல் பைடேயா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ரோமில் கோடைக்கால லத்தீன் வகுப்பு அதன் வழியாகத் தொடர்ந்தது. மாணவராக இருந்து பேராசிரியரானவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

தாளாகவே கிடந்த அவருடைய முறை புத்தகமானது 2016இல், பெனடிக்ட் சபைத் துறவி டேனியல் மெக்கார்த்தியோடு சேர்ந்து எழுதியது. 'ஓஸ்ஸா லட்டினிடாடிஸ் சோலா', லத்தீனின் வெறும் எலும்புகள். பாடங்களுக்கு 'சந்திப்பு' என்று பெயர், முதல் மூன்று நிலைக்கும் தலா 35. தனியாகப் படிக்கிறவர் முதல் 35ஐ முடிக்காமல் இரண்டாம் நிலைக்குத் தாவினால் பெரும்பாலும் வழி தவறிவிடுவார். வீட்டு விளையாட்டுகளும் அதில் இருக்கின்றன, அதனால் பக்கத்தில் பென்சில் இருக்கட்டும். எலும்புக்கு மேல் சதை வைக்கும் இரண்டாம் தொகுதி, சிசரோவின் கடிதங்களும் அவற்றுக்கு விளக்கமுமாக, 2021இல் வந்தது. அச்சானதை அவர் பார்க்கவில்லை.

[திரை: 'ஸ்க்ரீபேபிட்' என்ற சொல். அதன் நடுவில் உள்ள எழுத்துகள் அடிக்கப்பட்டு 'ஸ்க்ரீபெட்' ஆகிறது]