சிகிச்சை முடிந்த பிறகு கை ஏன் வீங்குகிறது?

[திரையில்: ஒரு கை, மோதிர விரல் மிக அருகில்]

வழக்கமாகப் போடும் மோதிரம் ஒருநாள் விரலில் ஏற மறுக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் இரு கைகளும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஆனாலும் ஒரு கை மட்டும் கனக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலருக்கு நிணநீர் வீக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

[திரையில்: தோலுக்கடியில் நிணநீர் நாளங்கள்]

இரத்த நுண்குழாய்களிலிருந்து நாள்தோறும் பல லிட்டர் நீர், புரதங்களோடு சேர்ந்து திசுக்களுக்குள் கசிகிறது. நிணநீர் எனப்படும் அந்தக் கசிவை உறிஞ்சி, நிணநீர் முடிச்சுகளில் வடிகட்டி, காறை எலும்பின் பின்னுள்ள பெரிய சிரைகளில் மீண்டும் இரத்தத்தோடு சேர்ப்பவை நிணநீர் நாளங்கள். இந்த ஓட்டத்தைத் தள்ளிவிட இதயம் போன்ற உறுப்பு எதுவும் இல்லை. நாளங்களின் சுவர்கள் தாமே சுருங்குவதும், நாம் அசையும்போது தசைகள் அழுத்துவதுமே அதை நகர்த்துகின்றன.

புற்றுநோய் பரவுவதும் பெரும்பாலும் இதே வழியில்தான். அதனால் அக்குளில் உள்ள முடிச்சுகளை, சில நேரங்களில் பத்துக்கும் மேல், அகற்ற வேண்டியதாகிறது. அவற்றோடு சேர்ந்து வந்த நாளங்களும் அறுபடுகின்றன. கதிர்வீச்சு, எஞ்சிய புற்றுச் செல்களை அழிக்கும்போதே, சுற்றியுள்ள திசுவைப் படிப்படியாகத் தழும்பாக இறுக்கி, புதிய நாளங்கள் வளரும் வாய்ப்பையும் குறைத்துவிடுகிறது. டோசிடாக்செல் போன்ற கீமோதெரபி மருந்துகள் நுண்குழாய்களின் கசிவையே கூட்டக்கூடும்.

வீக்கம் உடனே வராமல் தாமதமாக வருவதுதான் பலரையும் குழப்புகிறது. எஞ்சிய நாளங்கள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், கூடுதல் சுமையைத் தாங்குகின்றன. தாங்கித் தாங்கி அவற்றின் சுவர் தடித்து, வால்வுகள் தளர்ந்த நிலையில், ஒரு தொற்றோ உடல் எடை கூடுவதோ போதும், வீக்கம் வெளிப்பட்டுவிடும்.

தேங்குவது வெறும் நீரன்று. புரதம் தேங்கி, அழற்சியை மூட்டி, தோலடியில் நாரும் கொழுப்பும் படிய வைக்கிறது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் நீரை மட்டுமே வெளியேற்றும் என்பதால், அவை இதற்குத் தீர்வாகா.

[திரையில்: விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளிப் பார்க்கும் காட்சி]

தொடக்கத்தில் அழுத்தினால் குழி விழும். கையை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். முற்றிய நிலையிலோ விரலடித் தோலைக் கிள்ளித் தூக்கவே முடியாது. அந்தக் கை சட்டெனச் சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால், அது தோல் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இடுப்புப் பகுதிப் புற்றுநோய்களில் இதே வீக்கம் கால்களிலும், தலை, கழுத்துப் புற்றுநோய்களில் முகத்திலும் தொண்டைக்குள்ளும் வரக்கூடும்.

இன்று, புற்று முதலில் எட்டக்கூடிய காவல் முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை இந்த ஆபத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், அறுவைக்கு முன்பே இரு கைகளின் சுற்றளவையும் அளந்து குறித்து வைப்பது ஒவ்வொருவருக்கும் செய்யப்பட வேண்டும். முதல் அளவு இல்லாவிட்டால், சிறு மாற்றத்தை எதனோடு ஒப்பிடுவது? வீக்கம் வந்துவிட்டால், அழுத்தக் கட்டு, பயிற்சி பெற்றவர் செய்யும் மென்மையான நிணநீர் மசாஜ், தோல் பராமரிப்பு, உடற்பயிற்சி ஆகியவை சேர்ந்தே அதைக் கட்டுக்குள் வைக்கின்றன.

அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்றுதான் நெடுங்காலம் அறிவுறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட, வீக்கம் உள்ள பெண்களிடையே நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வு, மேற்பார்வையோடு தொடங்கிச் சிறிது சிறிதாக எடையைக் கூட்டிச் செய்த பயிற்சி வீக்கத்தை அதிகரிக்கவில்லை என்று காட்டியது. வீக்கம் திடீரென மோசமாவதும் பயிற்சி செய்தவர்களிடம், செய்யாதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.