சேர்த்துவிட்டால் போதுமா? – ‘நிர்வாகச் சீர்கேடே’ அணியின் உரை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அறிஞர் பெருமக்களே, என் அணித் தோழர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘வளரும் நாடுகளின் உயர்கல்வியை இன்று பெரிதும் பின்னுக்கு இழுப்பது வாய்ப்பின்மையா, நிர்வாகச் சீர்கேடா?’ என்பது இன்றைய தலைப்பு. வாய்ப்பின்மையே என்று எனக்கு முன்னால் பேசிய அம்மையார் மூன்று சான்றுகளை வைத்தார். இந்தியாவில் 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரைக் கணக்கில் கொண்டால் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 விழுக்காடுதான் என்றார். சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் அது பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்றார். கட்டணம் கட்ட முடியாமல் படிப்பைக் கைவிட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது அவர் குரல் தழுதழுத்தது, அவையும் அமைதியானது. இவற்றில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. மறுத்தால் நடுவர் மணியடிக்கும் முன்பே அவையோர் என்னை உட்கார வைத்துவிடுவார்கள்.

நான் கேட்பது வேறு. வாய்ப்பின்மைதான் முதல் நோய் என்றால், வாய்ப்பு பெருகிய இடத்தில் அந்த நோய் தணிந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படிச் சோதித்துப் பார்க்க நாம் வெளியூர் போகத் தேவையில்லை. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரியை விட ஒன்றரை மடங்குக்கும் மேல். இது தானாக வந்துவிடவில்லை. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் விலக்கப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும் அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2022இல் மாணவியருக்கான புதுமைப் பெண், 2024இல் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் என்ற உதவித் திட்டங்களால் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகத் தொடங்கியது. எதிரணி கொண்டாடும் இந்தச் சாதனைகளை நாங்களும் கொண்டாடுகிறோம். ஆனால் இத்தனை பாடுபட்டு உள்ளே அழைத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு அங்கே என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரியின் துறைக்குள் போய்ப் பாருங்கள். கால அட்டவணையில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்களின் பெயர்களாக இருக்கும். மாநிலம் முழுவதும் 7,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் பணியாற்றுகிறார்கள். முனைவர் பட்டமும் கல்லூரி ஆசிரியருக்கான நெட் அல்லது செட் தேர்வுத் தகுதியும் பெற்ற ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் பதினொரு மாதங்களுக்கு மட்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியிலேயே, ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் என்றும் மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்றும் வழிகாட்டியிருந்தது. பதவிக்குக் கௌரவம் என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருந்திருக்க வேண்டும். அந்த விரிவுரையாளர் நன்றாகவே பாடம் நடத்துகிறார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வரும் ஜூனில் இதே கல்லூரியில் இருப்போமா என்பதே தெரியாத ஒருவரால், தன் துறைக்கு மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை வகுக்கவோ ஆய்வகத்துக்கு நிதி கேட்டுப் போராடவோ முடியுமா? வீட்டில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்த ஒரு பெண், “மேலே என்ன படிக்கலாம் சார்?” என்று கேட்டு வரும்போது, அடுத்த ஆண்டும் வந்து என்னைப் பார் என்று அவரால் சொல்ல முடியுமா?

இதற்குப் பணமில்லை என்பதுதான் காரணம் என்று எதிரணி சொல்லக்கூடும். பணம் ஒரு காரணந்தான். ஆயினும் காலியிடம் இருக்கிறது, தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள், அறிவிக்கை வெளியிடும் ஆசிரியர் தேர்வு வாரியமும் இருக்கிறது. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வந்தது, விண்ணப்பமும் பெறப்பட்டது, பிறகு தேர்வு தள்ளிப்போனது. அறிவிப்பது, ஒத்திவைப்பது, திரும்பப் பெறுவது, வழக்கில் மாட்டுவது என்று ஆண்டுக்கணக்கில் சுற்றிவரும் இந்த வட்டத்துக்கு நிர்வாகம் என்பதைத் தவிர வேறு பெயர் இருந்தால் நடுவர் அவர்கள் சொல்லட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

பொறியியல் பக்கம் வருவோம். 1984 வாக்கில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கத் தொடங்கியபோது இடப் பற்றாக்குறை இருந்தது உண்மை. அதன் பின் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. 2017இல் கலந்தாய்வுக்கு வந்த இடங்களில் ஏறத்தாழ பாதி, எடுக்க ஆளில்லாமல் காலியாகவே நின்றது. வாய்ப்பின்மையே சிக்கல் என்றால் இடம் எப்படிக் காலியாகக் கிடக்கும்? பெற்றோருக்கு நம்பிக்கை போயிற்று, அதனால் கிடந்தது. ஏன் போயிற்று என்பதற்கு 2024 ஜூலையில் விடை கிடைத்தது. ஒரே ஆசிரியரின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியலில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. இப்படி 300க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் 200க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்றது அதன் குற்றச்சாட்டு. அண்ணா பல்கலைக்கழகமும் முறைகேடு நடந்திருப்பதை ஏற்று விசாரணையில் இறங்கியது.

இந்த முறைகேடு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. அந்த விகிதத்தைக் காட்டினால்தான் ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்தின் இணைப்பு கிடைக்கும், இணைப்பு கிடைத்தால்தான் கலந்தாய்வுப் பட்டியலில் கல்லூரியின் குறியீட்டு எண் இடம்பெறும். ஆசிரியரை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுப்பதை விட அவருடைய சான்றிதழ்களை மட்டும் வைத்துக்கொள்வது மலிவு. ஆக, தாளில் ஆசிரியர் இருக்கிறார். இணைப்பு கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு வந்து பார்த்து, சரி என்று கையெழுத்திட்டுப் போகிறது. கலந்தாய்வில் அந்தக் குறியீட்டு எண்ணை நம்பித் தேர்வு செய்த மாணவன் நான்காம் ஆண்டில் அரியர் தாள்களை எண்ணிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வாய்ப்பு மறுக்கப்படவில்லை, நடுவர் அவர்களே. ஒற்றைச் சாளர முறையில், தரவரிசைப்படி, சட்டப்படி வாய்ப்பு கொடுத்துத்தான் அவனை ஏமாற்றியிருக்கிறோம்.

கல்லூரியைக் கண்காணிக்க வேண்டியது பல்கலைக்கழகம் என்றால், பல்கலைக்கழகத்தின் நிலை என்ன? சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு தோன்றிய நிறுவனம். அதன் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அந்த நாற்காலிக்கு நிரந்தரமாக ஒருவர் வரவில்லை. ஒருங்கிணைப்புக் குழுதான் நடத்தியது. துணைவேந்தரைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் மானியக் குழுவின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்றார் வேந்தரான ஆளுநர். மாநிலச் சட்டத்தில் அப்படி இல்லை என்றது அரசு. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாகக் கல்வி, ஒன்றியமும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனதிலிருந்தே யார் சொல் மேல் என்பது தீராத வழக்காகிவிட்டது. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் உள்ளிட்ட பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்பட வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. மே 21 அன்று, நியமன அதிகாரம் பற்றிய திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் இதை ‘அரசியல் சண்டை, அதைக் கல்வியின் தலையில் கட்டாதீர்கள்’ என்றார். ஐயா, நாங்கள் கட்டவில்லை. பேராசிரியர் தேர்வுக் குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர் துணைவேந்தர். அவர் இல்லையென்றால் நியமனம் நகராது. நியமனம் நகராவிட்டால் துறை காலியாகும். துறை காலியானால் ஆய்வு மாணவருக்கு வழிகாட்டி இல்லை. மேலே உள்ளவர்கள் மோதிக்கொள்ளும்போது கீழே வகுப்பறையில் இதுதான் நடக்கிறது. துணைவேந்தர் இருந்த காலம் மட்டும் பொற்காலமா என்றால், அதுவும் இல்லை. 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரை, உதவிப் பேராசிரியர் பணிக்கு லஞ்சம் பெற்றதாக லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், துணைவேந்தர் நியமனங்களில் கோடிக்கணக்கில் பணம் கைமாறியதாக அன்றைய ஆளுநரே மேடையில் பேசினார். நியமிக்கும் அதிகாரம் கொண்டவரே சொன்ன பிறகு, நான் சேர்த்துச் சொல்ல எதுவும் இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அம்மையார் ஆப்பிரிக்காவை அழைத்ததால் நைஜீரியாவையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஆண்டுதோறும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பொது நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். இடம் கிடைப்பது அரிது. அது அம்மையாரின் வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாகவே தோன்றும். ஆனால் அந்தப் பெரும்போட்டியில் வென்று 2019இல் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவியின் கணக்கைப் பாருங்கள். 2020 மார்ச் முதல் டிசம்பர் வரை ஆசிரியர் சங்கத்தின் வேலைநிறுத்தம். பெருந்தொற்றும் அப்போதே சேர்ந்துகொண்டது. 2022 பிப்ரவரி 14 முதல் அக்டோபர் 14 வரை மீண்டும் வேலைநிறுத்தம். ஏறத்தாழ பதினேழு மாதங்கள் வகுப்பறை பூட்டியே இருந்தது. 2009இல் அரசு போட்ட ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்பது ஆசிரியர்களின் குறை. சம்பளத்தை எந்தக் கணினி முறையில் வழங்குவது என்பதில்கூட இரு தரப்புக்கும் இழுபறி. வேலை செய்யாத மாதங்களுக்குச் சம்பளம் இல்லை என்று அரசு நிறுத்தி வைத்தது. அந்த மாணவியின் நான்காண்டுப் படிப்பு ஐந்தரை ஆண்டாக நீண்டதற்கு, சேர்க்கை இடம் இல்லாதது காரணமா?

அம்மையார் தம் பேச்சின் நடுவே தொட்டுச் சென்ற பிரேசில் பற்றியும் ஒரு சொல். 2012இன் சட்டம் அங்கே கூட்டாட்சிப் பல்கலைக்கழக இடங்களில் பாதியை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கியது, அதற்குள் கறுப்பினத்தவர் உள்ளிட்டோருக்கும் பங்கு வைத்தது, போற்றத்தக்க சட்டம். ஆனால் கறுப்பினத்தவர் என்று பொய்யாகப் பதிந்து இடம் பிடித்தவர்கள் பெருகியதால், பல்கலைக்கழகங்கள் சரிபார்ப்புக் குழுக்களை அமைக்க வேண்டி வந்தது. உரியவருக்கு இடம் போய்ச் சேரக் குழு வேண்டியிருந்தது. சட்டம் மட்டும் போதவில்லை.

இனி, அவையைக் கலங்க வைத்த அந்தக் கட்டணப் பிரச்சினைக்கு வருகிறேன். சுயநிதித் தொழிற்கல்லூரிகளுக்கு இங்கே ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. தொகை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ரசீது இல்லாமல் வாங்கும் தொகைக்குத்தான் பெற்றோர் நகையை அடகு வைக்கிறார்கள். பட்டியல் வகுப்பு மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரப்படும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு எவ்வளவு, மாநிலத்தின் பங்கு எவ்வளவு என்ற குழப்பம் 2020 டிசம்பரில் 60-க்கு 40 என்று முடிவாகும் வரை நீடித்தது. அதுவரை உரிய நேரத்தில் வராத தொகைக்காகக் கல்லூரி அலுவலகத்தின் சன்னலில் தலைகுனிந்து நின்றவர் மாணவர்தான். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018இல் அறிவித்த பின்னும், பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்ற சொல் ஓயவில்லை. அம்மையார் சொன்ன அந்தப் பிள்ளை படிப்பை விட்டதற்குப் பின்னால், நான் சொல்லும் நிர்வாகம் நின்றுகொண்டிருக்கிறது. அவருடைய சான்றை நான் என் பக்கம் எடுத்துக்கொள்ள நடுவர் அனுமதிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நிர்வாகச் சீர்கேடு பெரிய துன்பம் இல்லை. இங்கே வகுப்பு நடக்காவிட்டால் தனிப்பயிற்சிக்குப் போகும். அதுவும் சரிப்படாவிட்டால் விமானம் ஏறும். நைஜீரியத் தலைநகர் அபுஜாவிலும் அதே கதை, அண்ணா நகரிலும் அதே கதை. போக வேறிடம் இல்லாத பிள்ளைதான் பூட்டிய வகுப்பறைக்கு வெளியே காத்திருக்கிறது. ஆகவே ஏழைக்காகப் பேசுவது எதிரணி, கோப்புகளுக்காகப் பேசுவது எங்கள் அணி என்று யாரும் பிரித்துவிட வேண்டாம்.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை, 2035க்குள் நாடு முழுவதும் சேர்க்கை விகிதம் 50 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அந்த எண்ணுக்கு மூன்று விழுக்காடு தூரத்தில் நிற்கிறது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் நான் கேட்பது இதுதான்: அந்த 50 விழுக்காட்டை நாளைக்கே எட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் போகும் ஆசிரியரை யார் நியமிப்பார்? அவரை நியமிக்கும் துணைவேந்தரை யார் நியமிப்பார்? அந்த ஆசிரியரின் பெயர் இன்னொரு கல்லூரியின் பட்டியலிலும் இல்லை என்பதை யார் போய்ப் பார்ப்பார்? இந்த மூன்றுக்கும் நிர்வாகம் என்ற சொல்லைத் தொடாமல் அவர் விடை சொல்லட்டும், கேட்கக் காத்திருக்கிறேன். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி, வணக்கம்.