பொங்கி எழச் சொன்னது யார்?

வணக்கம். வானொலியில் பேச எனக்கு 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பி கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று அவருக்கு யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்போல. பம்மல் சம்பந்த முதலியார் 90-க்கும் மேல் நாடகம் எழுதியவர். அந்தப் பெயர்களை வாசித்தாலே பாதி நேரம் போய்விடும், அதனால் அந்த வேலைக்கே போகவில்லை. ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்கிறேன், அது எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே போவோம்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். ராஜசபை. ராஜகுமாரனை இரும்புச் சங்கிலியால் கட்டி, இரண்டு பக்கமும் காவலர்கள் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கட்டச் சொன்னது பெற்ற அப்பா. அந்த அப்பாவை ஆட்டிவைப்பது அவருடைய ஆசைநாயகி வசந்தசேனை. பக்கத்தில் அம்மா நிற்கிறாள்.

அடுத்த வசனத்தை நான் சொல்லவே வேண்டாம், வீட்டில் இருக்கிற பெரியவர் யாராவது இந்நேரம் சொல்லி முடித்திருப்பார். "பொறுத்தது போதும், பொங்கி எழு!"

இது யாருடையது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் கலைஞர் என்பார்கள், மிச்ச இரண்டு பேர், படத்தில் மகனாகவும் அம்மாவாகவும் நடித்த சிவாஜி, கண்ணாம்பா என்பார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. 1954-இல் எல்.வி. பிரசாத் இயக்கிய 'மனோகரா' படத்துக்கு வசனம் கலைஞர்தான், அந்த வசனத்தில் எனக்கும் அரை மணி நேரத்துக்கு மனப்பாடம் உண்டு. ஆனால் அந்தச் சபையைக் கூட்டியவர், அந்தப் பிள்ளையின் கையில் சங்கிலியை மாட்டியவர், அம்மாவை அந்த இடத்தில் நிற்கவைத்தவர் வேறு ஆள், நம்ம பம்மல். 1895-இல் இதை நாடகமாக எழுதியபோது அவருக்கு 22 வயது. பின்னாளில் வக்கீலாகி நீதிபதி வரைக்கும் போனவர். சினிமா என்ற ஒன்று இந்த ஊர்ப்பக்கம் தலைகாட்டாத காலம்.

இந்த மனிதருக்குச் சின்ன வயதில் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காதாம், அவரே எழுதிவைத்திருக்கிறார். கூத்தாடிப் பிழைப்பு என்று படித்தவர்கள் முகம் சுளித்த காலம் அது. 1891-இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் என்பவர் தன்னுடைய தெலுங்கு நாடகக் குழுவோடு சென்னைக்கு வந்தார். அந்தக் குழுவில் நடித்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள். அதைப் பார்த்ததும் இவருக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. தெலுங்கில் முடிந்தால் தமிழில் ஏன் முடியாது? அதே வருஷம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபாவை ஆரம்பித்தார். அண்ணா சாலையில் எஸ்.வி.எஸ். கிளப் என்று ஒன்று இருக்கிறதே, அது இந்தச் சபாவின் வாரிசுதான். அந்தப் பக்கம் போகிற ஆட்டோக்காரருக்கு கிளப் தெரியும், சுகுண விலாசம் என்றால் ஏதோ சாப்பாட்டுக் கடை என்று நினைப்பார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்ற பெரிய ஆட்களெல்லாம் அந்தச் சபாவின் மேடையில் வேஷம் கட்டியிருக்கிறார்கள்.

சரி, சங்கிலிக்கு வருவோம். எனக்கும் அந்தச் சங்கிலிக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

நான் கல்லூரியில் படித்தபோது ஆண்டுவிழாவுக்கு 'மனோகரா'வில் இந்த ஒரு காட்சியை மட்டும் போட்டோம். மனோகரனாக நடித்தவன் எங்கள் வகுப்பிலேயே நல்ல உடம்புக்காரன், தொண்டையும் உண்டு. எனக்குக் கொடுத்தது இடதுபக்கக் காவலன் வேஷம், ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும், அவன் அறுத்ததும் மல்லாக்க விழவேண்டும், அவ்வளவுதான் என் கலைவாழ்க்கை. சங்கிலி நிஜமான இரும்பு, கிணற்று வாளிக்குக் கட்டுகிற மாதிரியானது. நடுவில் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறுப்பு நூல் கட்டியிருப்பார்கள், இழுத்தால் நூல் அறும். ஒத்திகையில் நாலு தடவை அழகாக அறுந்தது, நானும் நாலு தடவை அழகாக விழுந்தேன்.

விழா அன்றைக்குச் சாயங்காலம், எங்கள் நண்பன் ஒருவன், ரொம்பப் பொறுப்பானவன், பொறுப்பானவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும், நூல் நைந்துபோயிருக்கிறதே, சபைக்கு வருவதற்கு முன்னாலேயே அறுந்துவிட்டால் மானம் போய்விடுமே என்று, நூலுக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவிட்டான். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

காட்சி ஆரம்பித்தது. அம்மா பத்மாவதியாக நடித்த பெண் அற்புதமாகப் பேசினாள். "பொங்கி எழு!" என்றாள். மனோகரன் பொங்கினான். சங்கிலி பொங்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தான், நான் தலைகுப்புற அவன் பக்கம் போய் விழப் பார்த்தேன். அந்தப் பெண் சமாளித்துக்கொண்டு, குரலை உயர்த்தி, "பொங்கி எழு மகனே!" என்றாள். அவன் கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். வலதுபக்கக் காவலன் என்னைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். மூன்றாவது தடவை அவள் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி. அந்த நேரத்தில் நானும் அடுத்தவனும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல், கையிலிருந்த சங்கிலியை அப்படியே கீழே போட்டுவிட்டு நகர்ந்து நின்றோம்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். காவலர்களே அம்மாவின் பேச்சைக் கேட்டு ராஜாவைக் கைவிட்டுவிட்டார்கள் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. விழா முடிந்ததும் ஒரு பேராசிரியர் வந்து, அந்த மாற்றம் யாருடைய யோசனை என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். இன்றுவரை அந்தப் பொய்க்கு வருத்தப்படவில்லை.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு அந்தக் காட்சி விளங்கியது. சங்கிலி அறாவிட்டாலும் காட்சி நிற்கிறது! அவனை நிஜமாகக் கட்டியிருப்பது இரும்பு இல்லையே. அம்மாவிடம் கொடுத்த வாக்கு. அவன் நினைத்தால் சபையில் உள்ளே நுழையும்போதே அறுத்திருக்கலாம், அது நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், ராஜாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அம்மா வாயைத் திறக்கிறவரைக்கும் அவனால் கையைத் தூக்கமுடியாது. பலசாலியை ஒரு சொல்லால் கட்டிப்போடு, கட்டிய ஆளே அவிழ்க்கிறவரைக்கும் பார்க்கிறவனை நாற்காலி நுனியில் உட்காரவை. 22 வயதுப் பையன் கண்டுபிடித்த சூத்திரம் இது.

இப்போது நீங்கள் பார்த்த தமிழ்ப் படங்களை ஒரு சுற்று நினைத்துப் பாருங்கள். 1995-இல் வந்த 'பாட்சா'வில் மாணிக்கத்தை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை. அடிக்கத் தெரியாதவர் இல்லை என்று நமக்கு உள்ளூரத் தெரிகிறது, அதனால்தான் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. அப்புறம் விஷயம் தெரிகிறது, சாகிற அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு. சபை தெருவாக மாறியிருக்கிறது, சங்கிலி கயிறாக மாறியிருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தவர்கள் பம்மலைப் படித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, படித்திருக்கவே வேண்டாம். சமையலில் பாட்டியின் கைப்பக்குவம் பேத்திக்கு வருகிறதே, பேத்தி சமையல் புத்தகம் படித்தா கற்றுக்கொண்டாள்?

இன்னொரு விஷயம். அவருக்கு முன்னால் நாடகம் என்றால் பாட்டு. விடிய விடியப் பாட்டு. அந்த வழியில் சங்கரதாஸ் சுவாமிகள் இமயமலை, அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆரம்பகாலப் பேசும்படங்களில் பாட்டு வரிசைகட்டி நின்றது அந்தப் பக்கத்துச் சொத்து. பம்மல் பேச்சைக் கொண்டுவந்தார், உரைநடையில், மனிதர்கள் ஒருவருக்கொருவர் பேசுகிற பேச்சு. சில மணி நேரத்தில் முடிகிற நாடகம். எம். கந்தசாமி முதலியார் போன்ற வாத்தியார்கள் இந்த நாடகங்களைப் பையன்களே நடிக்கிற நாடகக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுத்தார்கள், அங்கே வளர்ந்த பையன்கள்தான் பிறகு சினிமாவுக்கு வந்தார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கியில் வசன இசைத்தட்டு, கடைத்தெருவில் கதைவசனப் புத்தகம், இதே வானொலியில் ஒலிச்சித்திரம். படத்தைப் பார்க்காமல் காதால் கேட்டே ஒரு ஊர் அழும் என்றால், அங்கே பேச்சுதான் படம்.

ஆனால் பேச்சு என்றால் எப்போதும் முழக்கம்தான் என்று இல்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், வீட்டில் அடிக்க வருவார்கள்: பம்மலின் பெரிய சாதனை 'மனோகரா' இல்லை, 'சபாபதி'. 1941-இல் ஏவி.எம். படமாக எடுத்தது. எஜமானுக்கும் சபாபதி என்று பேர், வேலைக்காரனுக்கும் சபாபதி என்று பேர். எஜமான் டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரன் காளி என். ரத்தினம். சோடாவை உடைத்துக்கொண்டு வா என்றால் பாட்டிலையே உடைத்துக்கொண்டு வருகிற வேலைக்காரன். அவன் தப்பே செய்யவில்லை, கவனியுங்கள். சொன்னதை அப்படியே செய்தான். சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு எஜமானின் உயிரை எடுப்பது. 'கரகாட்டக்காரன்' படத்தில் செந்தில் அந்த இன்னொரு பழம்தான் இது என்று கவுண்டமணியிடம் நீட்டுகிறாரே, அதுவும் இதே நியாயம்தான். ஒரு வாழைப்பழத்துக்கு 48 வருஷத்து முன்கதை.

'சந்திரஹரி' என்று ஒன்று எழுதினார். அரிச்சந்திரனைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது, இந்த ராஜா மறந்தும் உண்மை பேசமாட்டான். அதுவும் படமானது, என்.எஸ். கிருஷ்ணன் நடித்தார். அரிச்சந்திரன் நாடகத்தைக் கண்ணீர்விட்டுப் பார்த்த ஊரில் இப்படி ஒன்றை எழுத ஒரு குறும்பு வேண்டும்.

அவருக்கும் சினிமாவுக்கும் நேரடி உறவே உண்டு. 1934-இல் 'சதி சுலோசனா'வை அவரே இயக்கினார், 1936-இல் 'மனோகரா' முதல் தடவை படமானபோது ராஜா புருஷோத்தமனாக அவரே நடித்தார். அதாவது மனோகரனைக் கட்டி இழுத்துவரச் சொன்னவர், வேஷத்தில்கூட, அவர்தான்.

தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமா, இரண்டு பக்கமா? நிமிடமாம்.

எழுத்தைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். 'நாடக மேடை நினைவுகள்' என்று ஆறு பாகம் எழுதியிருக்கிறார். நாடக இலக்கியம் என்று பேசுகிறவர்கள் நாடகத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள், எனக்குக் கோபமே வரும். திரை ஏன் சரியான நேரத்தில் தூக்கவில்லை, எந்த வேஷத்தில் தான் சொதப்பினோம், கூட நடித்த ரங்கவடிவேலு மேல் எவ்வளவு பிரியம், எல்லாம் இருக்கும், பக்கத்துவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஔவை டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' பிறகு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் தமிழில் நாடகக்காரர்கள் எப்படித் தன்கதை எழுதப் பழகினார்கள் என்பது தெரியும்.

கடைசியாக ஷேக்ஸ்பியர். உண்மையில் இதற்குத்தான் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன்! ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், மாக்பெத்தை 'மகபதி', சிம்பலினை 'சிம்ஹளநாதன்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வெள்ளைக்காரப் பெயரின் ஓசையும் போகவில்லை, தமிழ் மேடைக்கு அந்நியமாகவும் இல்லை. ஒஃபீலியாவுக்கு அவர் வைத்த பெயர் அபலை. அந்த ஒரு பெயருக்காகவே தனியாக ஒரு 15 நிமிடம் வேண்டும், ஏனென்றால் அமலாதித்யன் அவளை… சரி தம்பி, பார்த்துவிட்டேன், ஒரு விரல். வணக்கம்.